அமாவாசையைத் தாண்டும் தேதி

இன்று காலை உன் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உன் அஞ்சலையெல்லாம் என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்பதால் அது என் திரையில் வந்து விழுந்தது. "உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது" என்று முதல் வரி. முடித்தவள் நான். கடிதம் அனுப்பியது புகார்களைப் பதிந்துவைக்கிற நம் டிக்கெட் மென்பொருள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. கேட்டவருக்குப் பதில் போட வேண்டும், போட்டுவிட்டது. இரண்டாவது வரியில் ஒரு தேதி இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டு திருப்பதி மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று உகாதி. அலிபிரிக்குப் போகிற சாலையில் கூட்டம் இன்னும் குறையவில்லை. அறைக் கதவில் யாரோ கட்டிவிட்டுப் போன மாவிலை வாட ஆரம்பித்திருக்கிறது, அந்த வாசனை மேஜை வரைக்கும் வருகிறது. வருஷா வருஷம் இந்த வாசனையில்தான் நாம் இரண்டு பேரும் அந்த வருஷத்து அமாவாசைத் தேதிகளைக் கணினியில் ஏற்றுவோம். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நகரிக்கான ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் நீ ஏறுவாய், புத்தூரில் நான் ஏறுவேன். என் ஊர் பிச்சாட்டூரில் முதல் பஸ்ஸைப் பிடிக்கும்போது அணைத் தண்ணீர் மேல் மூட்டம் படுத்திருக்கும். பாதித் தூக்கத்தில் புத்தூர் வந்து, பாதித் தூக்கத்திலேயே ரயிலில் ஏறி, உன் துப்பட்டா எந்த சீட்டில் கிடக்கிறது என்று தேடுவேன். ஜன்னலோரம் உனக்கு, பக்கத்து இடம் எனக்கு. எனக்காக இடம் பிடித்து வைத்திருப்பதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் நான் ஜன்னலோரம் கேட்டால் மட்டும் காது கேட்காது உனக்கு. ரேணிகுண்டா தாண்டும்போது மலை மேல் வெயில் ஏறும். நீ அதைப் பார்த்துக்கொண்டே ஏதாவது கேட்பாய். பதில் இல்லாத கேள்வியாகத்தான் கேட்பாய்.

நம் கம்பெனி சின்னது. விசைத்தறியில் நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்துகிற ஒரு கருவியை விற்று, பழுதும் பார்க்கிற கம்பெனி. தலைமை அலுவலகம் சென்னையில். புகார் வாங்குகிற இடம் இங்கே, இந்த மாடி அறையில், நீயும் நானும். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் போன் செய்வார்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் திறப்போம். எந்த நாளுக்குள் மெக்கானிக் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு கெடு தேதி போடுவோம். முதலில் கையால்தான் போட்டோம். நீ விரலை மடக்கி எண்ணுவாய், நடுவில் போன் வரும், மடக்கின விரலை மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணுவாய். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தேதியைத் தானாகக் கணக்குப் போட வைக்கலாம் என்று நான் இறங்கினேன்.

புகார் வந்த தேதியோடு மூன்று நாள் கூட்டு என்று ஒரு ஃபார்முலா எழுதினேன். எழுதி முடித்து மார்தட்டிக்கொண்ட வாரமே வெள்ளிக்கிழமைப் புகார்கள் காலை வாரிவிட்டன. ஃபார்முலா ஞாயிற்றுக்கிழமையையும் வேலை நாளாக எண்ணியது. வேலை நாளை மட்டும் எண்ணவைக்க வேண்டும், அதற்கு ஒரு விடுமுறை அட்டவணை வேண்டும் என்று நான் உனக்கு நீட்டி முழக்கி விளக்கினேன். நீ கொட்டாவி விட்டாய். அப்புறம் என் விளக்கம் முழுவதையும் ரயிலில் ஏற்றிவிட்டாய்.

"நம்ம வண்டி நிக்காத ஸ்டேஷன் கீது இல்ல, அந்த மாதிரி. ஞாயித்துக்கெழம வந்தா நிக்காம போய்க்கினே இருக்கணும். அவ்ளோதான?"

அவ்வளவுதான். அன்று சாயங்கால வண்டியில் நீ மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாய். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனின் விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக நம் முகத்தில் விழுந்து போயின.

"நம்ம கணக்கு தாண்டிப் போற நாளெல்லாம் எங்கடி போவும்?"

"எங்க போவும்? வயிறு முட்டத் துன்னுட்டுத் தூங்கும்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாய். உன்னோடு இதுதான் தொல்லை. வேடிக்கைக்குச் சொன்னதையும் ஒரு ஸ்டேஷன் தூரம் வைத்து யோசிப்பாய்.

அமாவாசையைக் கொண்டுவந்தது நீதான். நகரியில் அமாவாசையன்று தறி ஓடாது. தறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கொட்டகையைச் சாத்திவிடுவார்கள். கெடு தேதி அன்றைக்கு வந்தால் மெக்கானிக் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். அவன் மறுபடி அந்தத் தெருவுக்குப் போக முறை வருவதற்குள் தறி நாலு நாள் சும்மா நிற்கும், அதை நம்பி வருகிற ஆட்களும் சும்மா நிற்பார்கள். உன் நைனாவுக்கும் தறி இருந்ததால் உனக்கு இது உறைத்தது. எனக்கு உறைக்கவில்லை. நிலாவுக்கெல்லாம் ஃபார்முலா எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் விடுகிற ஆளா நீ. தெரிந்த ஒரு அமாவாசையை எடுத்துக்கொண்டாய். அதோடு இருபத்தொன்பதரை நாள் கூட்டினால் அடுத்தது, இன்னொரு இருபத்தொன்பதரை கூட்டினால் அதற்கடுத்தது. சில மாதம் சந்திரன் நம் பேச்சைக் கேட்டான். நீ தலை நிமிர்ந்து நடந்தாய். நம் தேதிக் கட்டத்துக்கு முழு நாள்தான் தெரியும், அரை நாள் தெரியாது என்பது உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அது அந்த அரை நாளைச் சத்தமில்லாமல் முழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆவணி அமாவாசையன்று முனிரத்தினம், நம் மெக்கானிக், நகரியில் போய் நின்றான். நின்றதும் வேறு எங்கேயும் இல்லை, உன் வீட்டு வாசலில்.

உன் நைனா அவனைத் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு இலை போட்டுவிட்டார். முனிரத்தினம் சாயங்காலம் டிக்கெட்டில் குறிப்பு எழுதினான், "தறி பார்க்கவில்லை. வடை நன்றாக இருந்தது." அதைச் சென்னையிலும் படித்தார்கள். நீ அன்று முழுக்க மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாய். அழுகிறாய் என்று பயந்து பக்கத்தில் வந்தேன், சிரித்துச் சிரித்து உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் அதற்குப் பிறகு அமாவாசை எப்போது, அமாவாசை எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

அதன் பிறகு ஃபார்முலாவைத் தூக்கிப் போட்டோம். உகாதி சமயத்தில் தெலுங்குப் பஞ்சாங்கம் கடைக்கு வந்ததும் ஒன்று வாங்குவாய். உன் வீட்டிலிருந்து தமிழ்க் காலண்டர் ஒன்று கொண்டுவருவாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் படிப்பேன், நீ அந்த வருஷத்து அமாவாசைகளை அட்டவணையில் ஏற்றுவாய். திதி இரண்டு நாளிலும் கால் வைத்துக்கொண்டிருந்தால் பஞ்சாங்கம் ஒரு நாள் சொல்லும், காலண்டர் ஒரு நாள் சொல்லும். அப்போது நைனாவுக்குப் போன். தெருவில் எந்த நாளை வைத்துக்கொள்கிறார்களோ அதுதான் நமக்கு நாள். நான் ஏற்றுகிறேன் என்று கையை நீட்டினால் என் கையைத் தட்டிவிடுவாய். "அமாவாசை என் டிபார்ட்மெண்ட்" என்பாய்.

போன ஆடியில் உனக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்குவாய், உன் சூடு என் சட்டை வழியாகத் தெரியும். புத்தூர் டாக்டர் திருப்பதிக்கு அனுப்பினார், திருப்பதியில் வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். லீவு எழுதிக் கொடுத்த கையோடு, நீ உன் பேரிலேயே ஒரு டிக்கெட் திறந்தாய். தலைப்பு, "அடுத்த வருஷத்து அமாவாசை". விவரத்தில், "பஞ்சாங்கம் வந்ததும் நான் வந்து ஏற்றுவேன். இவளைத் தொடவிட வேண்டாம்." இவள் என்றால் நான். பொறுப்பாளர் கட்டத்திலும் என் பெயரைத்தான் போட்டிருந்தாய். பிறகு அதன் நிலையை "தகவலுக்குக் காத்திருக்கிறது" என்று மாற்றினாய்.

அந்த நிலைக்கு ஒரு விதி இருப்பது உனக்கு நன்றாகத் தெரியும், அதை நாம்தான் வைத்தோம். தறிக்காரர் பதில் சொல்லாமல் நாம் வேலையைத் தொடங்க முடியாது என்றால் கணக்கு நின்றுவிடும். ஒரு நாள் கழிந்தால் கெடு தேதியும் ஒரு நாள் தள்ளிப் போகும். எத்தனை நாள் காத்திருந்தாலும் கெடு எப்போதும் மூன்று வேலை நாள் தள்ளியே நிற்கும்.

"நா வர்ற வரிக்கும் இது தள்ளிக்கினே போவும்" என்றாய்.

"அப்ப நீ எப்ப வேணா வரலாம்."

"ஆமா. எனக்கு லேட்டே ஆவாது."

கைப்பையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாய். ஏதோ டீ குடிக்கப் போகிறவள் போலத்தான் போனாய்.

அதிலிருந்து காலையில் கணினியைத் திறந்ததும் முதல் வேலையாக உன் டிக்கெட்டைத் திறப்பேன். தேதி ஒரு நாள் நகர்ந்திருக்கும். ஞாயிறு வந்தால் தாண்டும், அமாவாசை வந்தால் தாண்டும். யாராவது திறந்து பார்க்கும்போதுதான் அந்தக் கட்டம் கணக்கே போடும் என்பது உனக்கும் தெரியும். அதனாலேயே நான் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை. வேலூரிலிருந்து நீ பேசும்போது அன்றைய தேதியைச் சொல்வேன். சரி, அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்பாய். மறுநாள் பேசினால் மறுநாள் தேதி. உன் குரல் மெலிந்துகொண்டே போனதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். தேதி தள்ளிப் போகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம்.

கார்த்திகை மழையில் உன் நைனா போன் செய்தார். முனிரத்தினம் வண்டியிலேயே நகரிக்கு வந்தேன். உங்கள் தெருமுனையில் இறங்கியபோது எனக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது. தறிச் சத்தம் இல்லை. அன்று அமாவாசை இல்லை. தெரு முழுக்க ஒரு தறியும் ஓடவில்லை. மழை ஓட்டின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. உனக்காக நிறுத்தியிருந்தார்கள். அந்த நாளுக்கு நம் அட்டவணையில் இடம் கிடையாது. அன்று கெடு இருந்த டிக்கெட்டுகளை மறுநாள் வந்து ஒவ்வொன்றாகக் கையால்தான் தள்ளிவைத்தேன், பழைய மாதிரி விரலை மடக்கி.

உன் டிக்கெட்டை மட்டும் தொடவில்லை. அது காத்திருந்தது. மார்கழி, தை எல்லாம் நகர்ந்துகொண்டே வந்தது. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியமாகத் தெரியலாம். எனக்கு அது உன் துப்பட்டா சீட்டில் கிடப்பது போல. எடுத்துவிட்டால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

மாசியில் சென்னையிலிருந்து கேட்டார்கள். உகாதிக்குப் பிறகு நம் அட்டவணையில் ஒரு நாள்கூட ஏற்றவில்லையே, வெறுமையாக இருப்பதை எடுத்துவிட்டு எல்லாக் கிளைக்கும் பொதுவான காலண்டரை வைத்துவிடலாமா என்று. மரியாதையாகத்தான் கேட்டார்கள். பொதுக் காலண்டரில் அமாவாசை கிடையாது. நீ போராடிக் கொண்டுவந்தது போய்விடும், முனிரத்தினம் மறுபடி பூட்டின கொட்டகை வாசலில் நிற்பான், தறிகள் நாலு நாள் நிற்கும். உகாதி முடிந்ததும் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அட்டவணையை மாற்றினால், அதற்கான டிக்கெட்டை முடித்தால்தான் அது அமலுக்கு வரும். அதற்கான டிக்கெட் உன்னுடையது. உன் அமாவாசையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நீ காத்திருக்கிற இடத்தை நான் மூட வேண்டும்.

வேறொரு டிக்கெட் திறந்து அதில் முடித்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஒரே வேலைக்கு இரண்டு டிக்கெட் கிடந்தால் உனக்கு ஆகாது. என் நாற்காலியைத் திருப்பி வைத்து, ஒன்றை மூடு என்று நிற்பாய். வாரக்கணக்கில் இப்படியே உழன்றேன். அதுவரை தேதி அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

முந்தாநாள் அமாவாசை. நீ ஏற்றி வைத்ததில் கடைசி. லீவு போட்டுவிட்டு, புதுப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு, ரயிலில் எதிர்த் திசையில் போனேன். உன்னோடு அந்தப் பக்கம் சாயங்காலத்தில் புத்தூர் வரைக்கும்தான் போயிருக்கிறேன். புத்தூருக்கு அப்பால் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த பாதைகளும், வெயிலில் மங்கின குன்றுகளும் நீ தினமும் தனியாகப் பார்த்தவை. உன் ஜன்னலோரம் எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உன் வீட்டில் தறிக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். கொட்டகைக்குள் சந்தனமும் தறி எண்ணெயும் கலந்த வாசனை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. நைனா தமிழ்க் காலண்டரோடு வந்து உட்கார்ந்தார். நான் படித்தேன், அவர் தலையாட்டினார். சந்தேகமான இடத்தில் மட்டும் நிறுத்தி, மத்தியானத்துக்கு மேல் திதி பிறந்தால் இந்தத் தெருவுக்கு மறுநாள்தான் என்றார். போனில் உன்னிடம் சொல்வாரே, அதே மாதிரி. எல்லாம் குறித்த பிறகு அந்த டிக்கெட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். தேதி தள்ளிப் போவதையும், நான் தினமும் பார்ப்பதையும், மூட மனம் வராததையும் சொன்னேன். கம்ப்யூட்டர் சமாசாரம் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. குங்குமம் ஒட்டின விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூடிடும்மா. வேலைய பாதில உட்டா அவளுக்குப் புடிக்காது."

பிறகு இலை போட்டார்கள். முனிரத்தினம் எழுதினது பொய்யில்லை. இரண்டு வடை உள்ளே போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. உன் அம்மாவும் அழுதார். நைனா மட்டும் தறிப் பக்கம் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்து வைத்ததை மறுபடி துடைத்தார்.

இன்று காலை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தேன். அமாவாசைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை. பிறகு உன் டிக்கெட்டைத் திறந்து, "காத்திருக்கிறது" என்பதை எடுத்தேன். ஆடியிலிருந்து நகர்ந்துகொண்டே இருந்த தேதி நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "முடிந்தது" என்பதை அழுத்தினேன். டீக்காரர் வந்து கண்ணாடித் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, ஏன் அக்கா கண் இப்படி இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். மலைக் காற்று என்றேன். அதற்குள் உனக்கு அந்தக் கடிதம் வந்துவிட்டது.

இரண்டாவது வரியைச் சொல்லவில்லையே. "தீர்வில் நிறைவு இல்லையென்றால் முப்பது வேலை நாட்களுக்குள் இதே கோரிக்கையை நீங்கள் மீண்டும் திறக்கலாம்" என்று போட்டு, கடைசியில் அந்தத் தேதி. பழக்கம் விடவில்லை, விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். என் கணக்கைவிட அது ஒரு நாள் கூடுதலாக இருந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் ஒரு நாள் கூடுதல். அப்புறம்தான் தெரிந்தது, நடுவில் சித்திரையில் ஒரு அமாவாசை வருகிறது. இன்று காலை நான் முதலாவதாக ஏற்றியது அதுதான். கணக்கு அங்கே நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறது.

தாண்டிப் போகிற நாளெல்லாம் எங்கே போகும் என்று கேட்டாய், நான் கிண்டல் பண்ணிவிட்டு விட்டேன். ஒன்று எங்கே போயிருக்கிறது என்று இப்போது தெரியும். தறிகளுக்காக நான் ஏற்றின அந்த நாளைக் கொண்டுபோய் உன் கெடுவில் சேர்த்துவிட்டிருக்கிறது நாம் எழுதின கணக்கு. நாளைக் காலையும் புத்தூரில் ஏறுவேன், ஜன்னலோரத்தில் பையை வைத்துக்கொள்வேன், யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்று சொல்வேன். உனக்கு லேட்டே ஆகாது என்றாய். நான் போட்ட கணக்கில் இன்னும் ஒரு நாள் கூடவே இருக்கிறது. வா.